பெரிய, துடியான நாய்க்கு எந்தச் சாமான் உதவும், எது வீண்காசு?

கல்லடிவாசி கேட்டது:

வணக்கம். அல்சேஷன் கலப்பு ஆண் நாய். வயது 15 மாதம், நிறை 34 கிலோ, மார்புச் சுற்று 78 சென்ரிமீற்றர். வளவு முழுக்க மணல், சுற்றுமதில் நாலரை அடி, உள்ளே ரெண்டு தென்னையும் ஒரு வேம்பும். காலையும் பின்னேரமும் கடற்கரைப் பக்கம் நடை. இழுவை கூட. சாதாரண சங்கிலியின் கொழுக்கி கடல் காற்றில் கறள் பிடித்து இறுகிப்போகுது. விளையாட்டுச் சாமான் எதுவும் நிலைக்குதில்லை. மாரி முடிந்தால் உண்ணி, வெயில் தொடங்கினால் இளைப்பு.

இணையக் கடையில் கூடைக்குள் போட்டிருப்பவை: இழுத்தால் நீளும் 5 மீற்றர் லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்), குளிர்ச்சிச் சட்டை, உண்ணி விரட்டும் அல்ட்ராசோனிக் பதக்கம், ஸ்டாண்டில் உயர்த்திய சாப்பாட்டுக் கிண்ணம், ஜிபிஎஸ் பட்டி. எதை வாங்கலாம், எதை விடலாம்? இங்க உள்ளூரிலயே செய்விக்கக்கூடியது இருந்தாலும் சொல்லுங்க.

பித்தளைக்கொழுக்கி எழுதியது:

கூடையில இருந்து முதல்ல வெளியில எடுக்க வேண்டியது அந்த நீளும் லீஷ். பெட்டியில 50 கிலோ வரைக்கும் எண்டு போட்டிருப்பான். அது நாயின்ட நிறை, இழுவை இல்ல. 34 கிலோ நாய் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில ஓடிவந்து அரை மீற்றருக்குள்ள நிற்பாட்டப்பட்டா, கொழுக்கியில விழுற சராசரி இழுவை ஏறக்குறைய 240 கிலோ பாரத்துக்குச் சமன். நீளும் லீஷ் செய்யிறதே நாய்க்கு அந்த ஓட்டத்தை எடுக்க இடம் குடுக்கிறதுதான். மெல்லிய நூல் மாதிரி வாற ரகம் விரலிலயோ காலிலயோ சுத்தினா தோலை அறுத்துப்போடும். பிடி கை நழுவினா, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி சடசட எண்டு நாய்க்குப் பின்னாலயே துரத்திக்கொண்டு போகும். பயந்த நாய் றோட்டைப் பார்க்காது.

காசைப் போட வேண்டிய இடம் ஹார்னஸ், அதாவது மார்பைச் சுத்திப் போடுற வார். மார்புக்கு முன்னால ஒரு வளையம், முதுகில ஒரு வளையம், ரெண்டும் உள்ளதாப் பாருங்க. முன்வளையத்தில லீஷைக் கொழுவினா, நாய் இழுக்கிற நேரம் உடம்பு பக்கவாட்டில திரும்பும். இழுத்து முன்னேற ஏலாது. அதுக்காக அது தானாகப் பழக்கிப்போடும் எண்டில்ல, உங்கட தோளுக்கு ஓய்வு, அவ்வளவுதான். தோள்மூட்டுக்குக் குறுக்கால படுக்கையா ஒரு வார் ஓடுற மாதிரி வாங்காதீங்க, முன்கால் வீச்சைத் தடுக்கும். கழுத்தடியில இருந்து நெஞ்செலும்பு வழியா முன்காலுக்கு இடையில இறங்குற ஆங்கில வை (Y) வடிவம்தான் சரி.

அளவு: நாயை நிற்க வச்சு, முன்முழங்கைக்கு நாலு விரல் பின்னால நாடாவைச் சுத்துங்க. 78 வந்தா, 60 தொடக்கம் 80 வரையான சைஸை எடுக்காதீங்க, 70 தொடக்கம் 95 மாதிரி ஒண்டை எடுங்க. அளவு நடுவில விழுந்தாத்தான் கூட்டிக் குறைக்க இடமிருக்கும். வாருக்கும் தோலுக்கும் இடையில ரெண்டு விரல் படுக்கையாப் போகவேணும். பிறகு கேற்றை மூடிப்போட்டு, முன்னுக்கு நிண்டு லீஷை மெதுவா உங்கட பக்கம் இழுத்துப் பாருங்க. நாய் தலையைக் குனிஞ்சு பின்வாங்கி உருவுதா எண்டு வளவுக்குள்ளயே தெரிஞ்சுபோகும். உருவினா கழுத்துவாரை இறுக்குங்க. அதோட 15 - 20 சென்ரிமீற்றர் வார்த்துண்டு ஒண்டுக்கு ரெண்டு பக்கமும் கொழுக்கி போட்டு, ஹார்னஸையும் கழுத்துப்பட்டியையும் இணைச்சு விடுங்க. ஒண்டு கழண்டாலும் மற்றது பிடிக்கும்.

இனிக் கொழுக்கி. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு இதுதான் பெரிய கதை. மினுங்குறதெல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்ல. காந்தத்தை வச்சுப் பாருங்க. நல்லா ஒட்டினா அனேகமா முலாம் பூசின இரும்பு, முதல்ல கறள் பிடிக்கிறது இதுதான். ஒட்டாட்டி அதோட நம்பிடாதீங்க, சிங்க் கலவையும் ஒட்டாது. வளையத்துக்குள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில அரத்தால ஒரு தேய்ப்பு: உள்ள மஞ்சளாத் தெரிஞ்சாப் பித்தளை, சாம்பலாத் தெரிஞ்சு அரம் லேசாக் கடிச்சா சிங்க் கலவை, அரம் கடிக்கக் கஷ்டப்பட்டா ஸ்டெயின்லெஸ். சிங்க் கலவையில அச்சு வார்த்த கோடு விளிம்பில தெரியும், அது வளையாமலே பட்டெண்டு முறியும், முன்னறிவிப்பு இல்ல. கடல் உப்புக்கு 316 ரகம் எண்டு அடிச்ச ஸ்டெயின்லெஸ், இல்லாட்டி முழுப் பித்தளை. 304 மோசமில்ல, ஆனா கழுவாம விட்டாப் புள்ளிபுள்ளியா மண்ணிறம் பிடிக்கும். படகுச் சாமான் விக்கிற கடையில கேட்டா செல்லப்பிராணிக் கடையை விட நல்லது கிடைக்கும். கடற்கரைக்குப் போய் வந்தா நல்ல தண்ணியில கொழுக்கியைத் திறந்து மூடிக் கழுவுங்க. உள்ள இருக்கிற ஸ்பிரிங்தான் மணலாலயும் உப்பாலயும் முதல்ல போறது.

ஓடவிட வேணுமெண்டா 10 மீற்றர் நீளக்கயிறு. 10 - 12 மில்லிமீற்றர் தடிப்பில பின்னல் நைலோன் எடுங்க. அது கொஞ்சம் நீண்டு குடுக்கும், திடீர் இழுவை குறையும். அதை முதுகு வளையத்தில மட்டும் கொழுவுங்க, கழுத்துப்பட்டியில ஒருக்காலும் இல்ல. அந்த 240 கிலோ கழுத்தில விழுந்தா என்ன ஆகுமெண்டு சொல்லத் தேவையில்ல. கையில தோல் கையுறை. கயிற்றை மணிக்கட்டில சுத்தாதீங்க.

பாண்டிருப்பு எழுதியது:

இவ்வளவு கரைச்சல் எதுக்கு? ஒரு சோக் செயினைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தா நாய் வழிக்கு வரும். ஏலாட்டி கரண்ட் பட்டி.

பித்தளைக்கொழுக்கி எழுதியது:

அண்ணன், சோக் செயின் இறுகிறது மூச்சுக்குழாயில. இழுத்து இளைக்கிற பெரிய நாய்க்கு அது இருமலையும் தொண்டை வீக்கத்தையும் தரும். மற்ற நாயைக் காணுற நேரமெல்லாம் கழுத்து நொந்தா, நாய் படிக்கிற பாடம் “நாய் வந்தா நோகும்” எண்டதுதான். பிறகு தெருநாயைக் கண்டவுடன பாயத் தொடங்கும். கரண்ட் பட்டியிலயும் இதே சிக்கல். வேல்ஸில 2010ஆம் ஆண்டே அதைத் தடை செய்திட்டாங்க. தெருநாய் வந்து சுத்தினா கையில மடக்குக் குடை ஒண்டு இருக்கட்டும், சடக்கெண்டு விரிச்சா அனேகமாப் பின்வாங்கும். எங்கட ஊருக்கு அதை விடத் திறமான கருவி இல்ல. உங்கட நாய் அதுக்கு வெருளாம இருக்க, வீட்டில நாலைஞ்சு நாள் மெதுவா விரிச்சு, ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு இறைச்சி குடுத்துப் பழக்குங்க.

வயற்காற்று எழுதியது:

விளையாட்டுச் சாமான் நிலைக்காததற்குக் காரணம், நாய் தனியாக வைத்துக் கடிக்கும் சாமானையும் ஆளோடு விளையாடும் சாமானையும் ஒன்றாகப் போடுவது. இரண்டையும் பிரியுங்கள்.

ஆளோடு விளையாட ஒரு துரத்துத்தடி செய்யலாம். முக்கால் அங்குல பிவிசி குழாய் நாலு அடி, 8 மில்லிமீற்றர் பின்னல் கயிறு மூன்றரை மீற்றர், நடுவில் துளையிட்ட இரண்டு மூடி, பழைய சாரம் (லுங்கி) ஒன்று. குழாயின் வெட்டு வாயை அரத்தால் வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் கயிறு அந்த விளிம்பில் அறும். கயிற்றைக் குழாய்க்குள் விட்டு, இரு நுனியிலும் மூடியைப் போட்டு, பிடிப்பக்கம் மூடிக்கு வெளியே இரட்டை முடிச்சு. மறுபக்கம் மூடிக்கு வெளியேயும் ஒரு முடிச்சு, பிறகு ஒன்றரை மீற்றருக்குக் குறையாமல் கயிறு தொங்கவேண்டும். சாரத்தை மூன்று பட்டியாகக் கிழித்து, ஓரடி நீளத்துக்கு இறுகப் பின்னி நுனியில் கட்டுங்கள். இரப்பர்க் கயிறு போடாதீர்கள். நாய் கடித்து இழுத்துவிட்டுத் திடீரென விட்டால் அது உங்கள் முகத்துக்குத்தான் திரும்பும். பிவிசி வெயிலில் கிடந்தால் நொறுங்கும், நிழலில் வையுங்கள்.

பாவிக்கும் முறையில்தான் பிழை நடக்கும். துணி நிலத்தோடு இழுபட வேண்டும், வானத்தில் பறக்கக்கூடாது. பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூட 14 - 18 மாதம் ஆகும், உங்கள் நாய் அந்த எல்லையில் நிற்கிறது. உயரப் பாய்ந்து முறுகி விழுவதும் சட்டென்று வெட்டித் திரும்புவதும் பின்முழங்கால் நாரை அறுக்கும். பெரிய வட்டமாகச் சுற்றுங்கள், திசையை மெதுவாக மாற்றுங்கள். 5 நிமிடம், ஓய்வு, இன்னொரு 5 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் துணியைப் பிடிக்க விடவேண்டும், பிறகு “விடு” என்று சொல்லித் தீனிக்கு மாற்றவேண்டும். பிடிக்கவே விடாமல் ஓட்டினால் நாய் களைக்காது, வெறிதான் ஏறும். தலைவாசலில் அதற்கு இருக்கும் பொறுமையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

தனியாகக் கடிக்க, உள்ளே குழி உள்ள தடித்த இரப்பர்ச் சாமான். கொங் என்ற பெயரில் வருவதில் கறுப்பு ரகம்தான் கடுமையாகக் கடிக்கும் நாய்க்கு. நிறை அட்டவணையைப் பார்த்து, சந்தேகமென்றால் ஒரு சைஸ் கூட எடுங்கள். மலிவான போலி வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால் வேண்டாம். நாய் நக்க நக்க உள்ளே காற்று வெற்றிடமாகி நாக்கு உறிஞ்சி மாட்டிக்கொள்ளும். மறுமுனையிலும் துளை இருக்கவேண்டும். உள்ளே சோறு, அவித்த பூசணி, முள் எடுத்த மீன், கொஞ்சம் தயிர் போட்டு இறுக்கி உறைய வையுங்கள். வெறும் தீனி ஐந்து நிமிடத்தில் காலி, உறைந்தது அரை மணி நேரம் ஓடும். வெங்காயம், உள்ளி (பூண்டு), முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை) கூடாது. கறிச்சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போடுபவர்கள் இதைத்தான் மறந்துபோவார்கள்.

தேங்காய் மட்டையும் முழுத் தேங்காயும் இலவசச் சாமான்தான், நாய்க்கும் நல்ல விருப்பம். ஆனால் தும்பை விழுங்கினால் அது குடலில் கயிறாகத் திரண்டு அடைக்கும். ரெனிஸ் பந்தும் வேண்டாம்: இந்த அளவு நாயின் தொண்டைக்குள் போய் அடைக்கும், அதன் மயிரில் ஒட்டிய மணல் பல்லை அரத்தாள் மாதிரித் தேய்க்கும்.

மருந்தறை எழுதியது:

சூடு, உண்ணி, சாப்பாட்டுக் கிண்ணம் பற்றி மட்டும்.

உயர்த்திய கிண்ணத்தை விடுங்கள். பெரிய, நெஞ்சு ஆழமான நாய்களில் வயிறு ஊதி முறுகும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உயர்த்திய கிண்ணத்தில் சாப்பிட்ட பெரிய நாய்களில் இந்த ஆபத்து கூடுதலாகத்தான் காணப்பட்டது. விழுங்குவதுபோலச் சாப்பிட்டால் புடைப்புள்ள மெதுவுணவுக் கிண்ணம் வாங்கலாம், அல்லது அகன்ற எவர்சில்வர்த் தட்டின் நடுவே ஒரு கனத்த கோப்பையைக் கவிழ்த்துவிடலாம். தீனியை நிலத்தில் இறைத்துத் தேடவிடும் முறை புல்தரைக்கு நல்லது, உங்கள் வளவுக்குச் சரிவராது. தீனியோடு மணலும் போய்க் குடலில் தங்கும். ஒரு நாளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓட்டம் வேண்டாம். வயிறு பறைபோல் இறுகி, ஓங்காளிப்பு வந்தும் ஒன்றும் வெளியே வராமல், எச்சில் வடித்துக்கொண்டு நிலைகொள்ளாமல் நடந்தால் காத்திருக்கக்கூடாது. உடனே மிருக வைத்தியர். அங்கே நிமிடங்கள்தான் கணக்கு.

குளிர்ச்சிச் சட்டை ஈரம் ஆவியாவதால்தான் வேலை செய்யும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், அப்போது நனைத்துப் பிழிந்து போட்டால் பயன் தெரியும். காற்றே இல்லாமல் புழுங்கும் நாளில் ஈரம் ஆவியாகாது, நனைந்த துணி உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். சட்டை வாங்கும் காசுக்கு ஒரு நல்ல நிலவிசிறி வாங்கி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு முன்னே விடுவது எந்த மாதத்துக்கும் பொருந்தும். ஜெல் பாய் கடிக்கிற நாய்க்கு ஆகாது.

யாரும் சொல்லாத ஒரு கருவி: பார்மசியில் விற்கும் சாதாரண டிஜிற்றல் வெப்பமானி. நாய்க்கென்று தனியாக ஒன்று. நுனியில் வஸலின் தடவி மலவாயிலில் ஓர் அங்குலம் உள்ளே. சாதாரண அளவு 38 முதல் 39.2 பாகை செல்சியஸ். ஓட்டத்துக்குப் பின் கொஞ்சம் ஏறும், நிழலில் 15 நிமிடத்தில் இறங்க வேண்டும். இறங்காமல் 40க்கு மேலேயே நின்றால் தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள். 41 என்றாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஊற்றிக் குளிர்த்திக்கொண்டே கொண்டுபோகவேண்டும். வண்டியில் ஏற்றியபின் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஈரத் துவாயால் மூடி வைக்காதீர்கள். 39.5 ஆனதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மற்றப் பக்கம் சரிந்துவிடும். தார் றோட்டில் புறங்கையை 7 செக்கன் வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு அந்த நேரத்து நடை இல்லை.

அல்ட்ராசோனிக் பதக்கம் உண்ணியை ஒன்றும் செய்யாது. மண்ணிற நாயுண்ணி நாயில் இருப்பதை விடச் சுவரில் இருப்பதுதான் அதிகம். இரத்தம் குடித்து நிறைந்த பெண்ணுண்ணி கீழே விழுந்து, மதில் வெடிப்பிலும் ஓட்டுக் கூரையின் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே உண்மையான “கருவி” ஒரு பை சீமெந்தும் ஒரு சாந்தகப்பையும்: நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளை அடையுங்கள். நாய்க்கு, வைத்தியர் நிறை பார்த்துத் தரும் வாய்வழி மாத்திரை. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய்மருந்தைக் கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. ஒட்டியிருப்பதை எடுக்க, பிளவுள்ள உண்ணிக் கொக்கி: தோலோடு அணைத்துச் செருகி, தூக்காமல் திருக வேண்டும், இரண்டு மூன்று சுற்றில் தானே விடும். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி இரண்டும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கால் இரத்தம் கசிந்தால் உண்ணிக்காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

படுக்கைக்கு சாக்குக் கட்டில் போதும். மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து 20 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். அடியில் காற்று ஓடும், முழங்கையில் காய்ப்பும் நீர்க்கட்டும் வராது. துணியை ஆணியடிக்காமல் கயிற்றால் இழுத்துக் கட்டினால் மாரியில் கழற்றிக் காயப்போடலாம்.

கல்லடிவாசி கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூன்று கேள்வி. பகலில் ரெண்டு மணித்தியாலம் ஆள் இல்லாத நேரம் வளவில் கம்பி கட்டி ஓடவிடலாமா? ஜிபிஎஸ் பட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. வைத்தியரிடம் ஓட்டோவில் கொண்டுபோவது எப்படி?

திருக்கோவில் றோட் எழுதியது:

தம்பி, ஆள் இல்லாத நேரம் கம்பியில விடவே கூடாது. வளவில நீங்க நிக்கிற நேரத்துக்கு மட்டும் எண்டா சொல்லுறன். முதல்ல, தென்னையில கட்டாதீங்க. அடியில ஓடுற நாயின்ட தலையில தேங்காய் விழும். ஒரு பக்கம் வேம்பு, மறுபக்கம் கொங்கிறீட் தூண் ஒண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் பாய எட்டாத தூரமா இருக்கோணும். பாய்ஞ்சு மறுபக்கம் கயிறு எட்டாட்டி நாய் தொங்கிப்போகும். கழுத்துப்பட்டியில இல்ல, ஹார்னஸில.

பிளாஸ்டிக் பூசின 5 மில்லிமீற்றர் எஃகுக் கம்பிவடம், ஏழடி உயரத்தில. மரத்தில பழைய ரயர் ரியூப்பைச் சுத்திப்போட்டு அதுக்கு மேல கட்டுங்க, இல்லாட்டிப் பட்டை அறுந்துபோகும். ஒவ்வொரு நுனிக்கும் யூ கிளிப் ரெண்டு. இங்கதான் கனபேர் பிழை விடுறது: கிளிப்பின்ட அடிக்கட்டை, அதாவது பள்ளம் வெட்டின தடிச்ச பகுதி, பாரம் தாங்குற நீள வடத்தில இருக்கோணும், வளைஞ்ச யூ கம்பி மடிச்ச குட்டை வாலில. மாறிப்போட்டா யூ கம்பி நீள வடத்தை நசுக்கி, அந்த இடத்தில வடம் அறும். கட்டினாப் பிறகு ஒருக்கா இழுத்துப் பாத்துட்டு நட்டை மறுபடி இறுக்குங்க, முதல் இழுவையில அது கொஞ்சம் தளரும். மரத்துக்கு அஞ்சடி முன்னால ஒரு கிளிப்பை வடத்திலயே பூட்டி விட்டா நாய் மரத்தைச் சுத்திச் சிக்காது. வடத்தில ஓடுற கப்பிக்குக் கீழ சுழலும் கொழுக்கி கட்டாயம். தொங்கு கயிறு, நாய் படுக்கிற அளவுக்கு மட்டும்.

ஜிபிஎஸ் பட்டியில ரெண்டு ரகத்தைக் குழப்பாதீங்க. அப்பிள் கம்பனியின்ட எயார்டாக் மாதிரிச் சின்னச் சில்லு ஜிபிஎஸ் இல்ல, கிட்ட ஒரு ஐபோன் வந்தாத்தான் இடம் காட்டும். ரவுனுக்குள்ள பரவாயில்ல, வயல்பக்கம் ஓடின நாய்க்கு உதவாது. சிம் போடுற ரகம் உண்மையா இடத்தை அனுப்பும், ஆனா உங்கட இடத்தில எந்தக் கம்பனிக்குச் சிக்னல் நல்லமோ அந்தச் சிம்மைப் போடோணும், டேட்டா செற்றிங்கையும் நீங்களே குடுக்கோணும். நிமிசத்துக்கொருக்கா அனுப்ப வச்சா பற்றறி ஒரு நாளில போயிரும். வேலிக்குள்ள நிக்கிற நேரம் அரை மணிக்கு ஒருக்கா, தொலைஞ்சா மட்டும் அடிக்கடி. ஐபி67 எண்ட நீர்த்தடுப்புத் தரம் எண்டா நல்ல தண்ணியில ஒரு மீற்றர் ஆழம், 30 நிமிசம். உப்புத்தண்ணிக்கு அந்தக் கணக்கு இல்ல, சார்ஜ் பண்ணுற முனை பச்சை பூத்துப்போகும். கழுவித் துடைங்க. தோலுக்குள்ள ஊசியால போடுற மைக்றோசிப்பும் இடம் காட்டாது. அதில 15 இலக்கம் மட்டும்தான், கருவியைக் கிட்டப் பிடிச்சு வாசிக்கோணும். எல்லாத்துக்கும் முன்னால, தொலைபேசி இலக்கம் வெட்டின ஒரு பித்தளைத் தகடு. தொங்கவிடாம பட்டியோட தட்டையா ரிவெற் அடிச்சு விடுங்க, கொழுவித் தொங்குறது பத்தையில மாட்டும்.

ஓட்டோவுக்கு: ஹார்னஸின்ட முதுகு வளையத்தில இருந்து ஒண்டரை அடி வார், சாரதி ஆசனத்துக்குப் பின்னால உள்ள கம்பியில. நாய் எழும்பி நிக்கலாம், வெளியில தலை போட ஏலாது, அந்த நீளம்தான் அளவு. கால் வழுக்காம ரப்பர் பாய் ஒண்டு கீழ. திறந்த பக்கம் ஆள் இருக்கோணும். வைத்தியர் வாய்மூடி கேட்டா கூடை மாதிரி உள்ளதைக் கொண்டுபோங்க, அதுக்குள்ள வாயைத் திறந்து இளைக்க ஏலும். துணி வாய்மூடி எங்கட வெக்கைக்கு ஆபத்து.

ஒண்டு விட்டிட்டன். நடை கடற்கரைப் பக்கமே இருக்கட்டும். மட்டக்களப்பு வாவிக் கரையில நீளக்கயிற்றில நாயைத் தண்ணிக்கு விடாதீங்க, முதலை இருக்கு. மிதவைச் சட்டை அதுக்கு மருந்தில்ல.

கல்லடிவாசி எழுதியது:

அப்ப நீளும் லீஷ், பதக்கம், ஸ்டாண்ட் கிண்ணம், சட்டை எல்லாத்தையும் கூடையில் இருந்து வெளியில் எடுத்தாச்சு. கம்பி வேலையும் இப்போதைக்கு வேண்டாம், ஆள் இல்லாத நேரம் உள் விறாந்தையில் கொங்கோடு விடுகிறேன். பித்தளைக்கொழுக்கி அண்ணன், கொழுக்கியின் நாக்கு (திறந்து மூடும் பகுதி) எந்த அளவில் எடுக்க?

பித்தளைக்கொழுக்கி எழுதியது:

நாக்கு உங்கட சின்னி விரலுக்குக் குறையாத தடிப்பு, வார் போற கண் 25 மில்லிமீற்றர். வாங்க முதல் நாக்கை இழுத்து விட்டுப் பாருங்க, டக்கெண்டு முழுசா மூடோணும். பாதியில நிக்கிறதைக் கடைக்காரன் எண்ணெய் விட்டாச் சரிவரும் எண்டுவான், வாங்காதீங்க. எண்ணெயில மணல் ஒட்டும். மெழுகுதிரியைத் தேச்சு விட்டாப் போதும்.